மந்தர ஒலியும் மாலாவும்

எமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வரைந்தனுப்புமாறு பழைய மாணவர் சங்கச் செயலாளர் அன்புடன் பணித்திருந்தார். ஆசிரியப் பெருந்தகைகளைப் பற்றியும், துடுப்பாட்டப் போட்டிகளைப் பற்றியும், விடுதி வாழ்க்கையின் இன்ப துன்பங்களைப் பற்றியும் என்னினும் வல்லார் எழுதுவர் என்பது திண்ணம். ஆதலின், வேறெவரும் தொடமாட்டார் என்று நம்பத்தக்க பொருள் ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன். தென் இலண்டனில் மின்கருவிகளாற் புதியதோர் இசையை ஆக்கிவரும் ஒருவரைப் பற்றியது அது. அவருடைய மேடைப் பெயர் மாலா. அவ்விசையை நான் சில ஆண்டுகள் மனமார வெறுத்தேன். வெறுத்த காரணத்தையும் அவ்வெறுப்பு நீங்கிய வகையையும் கூறப்புகின், பௌதிகம் கற்பித்த ஒருவன் தன் பாடத்தைத் தானே மறந்த கதையாக அது முடியும். இளமாணவர்க்கு அது சிறிது பயன்படவுங் கூடும்.

கதை நம் கல்லூரியின் பௌதிக ஆய்வுகூடத்திலேயே தொடங்குகின்றது. ஒலியியற் பாடம் நடந்த ஒரு நாள், எங்கள் ஆசிரியர் பித்தளைத் தகடு ஒன்றை நடுவிற் பிணித்து, அதன்மேல் மெல்லிய மணலைத் தூவி, ஓரத்தில் வில்லால் இழுத்தார். தகடு பாடியது. மணல் துள்ளியெழுந்து ஓடி, ஈற்றில் கோலம் போட்டாற்போல் அழகிய கோடுகளாய் ஒதுங்கி நின்றது. 1787ஆம் ஆண்டிற் கிளாட்னி என்னும் ஜெர்மானிய அறிஞர் நூலில் வெளியிட்ட சோதனை அது. "மணல் ஏன் அங்கே போய் நிற்கிறது?" என்று ஆசிரியர் வினவினார். ஒருவரும் விடை கூறவில்லை. "அந்த இடம் அசையாத இடம். எவ்வளவு பெரிய அதிர்விலும் அசையாத இடம் ஒன்று இருக்கும்," என்றார். அவ்விடையைப் பரீட்சைக்காக மனனஞ் செய்தேன். அதன் பொருள் எனக்கு விளங்க முப்பது ஆண்டுகளுக்கு மேலாயின.

மந்தர ஒலி எனக்கு இளமையில் அந்நியமானதன்று. எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் மேளச் சமா நடக்கும் இரவுகளிலே, சிறுவர்களாகிய நாங்கள் முன்வரிசையில் மணலிற் குந்தியிருப்போம். யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி வாசித்த இரவொன்று இன்றும் நெஞ்சில் நிற்கின்றது. தவிலின் வலந்தலையில் விரற்கூடுகள் பொரிந்து தள்ளும் சொற்களைச் செவி கேட்கும். தொப்பியிற் கழி விழும்போதோ செவிக்கு முன்னே நெஞ்சாங்கூடு கேட்டுவிடும். அவ்வொலி மணலினூடாக வந்து எங்கள் தொடைகளைத் தொடும். அதில் அச்சம் என்பது சிறிதுமில்லை.

அச்சம் பின்னர் வந்தது. கோட்டையைச் சூழ்ந்து போர் நடந்த 1990ஆம் ஆண்டில், நானும் மனைவியும் மூன்று வயது மகனும் வீட்டு வளவின் பதுங்குகுழியிற் கழித்த இரவுகள் பல. எறிகணை விழும் ஒலியைத் தொலைவிலிருந்து கேட்டவர்க்கு அதன் இயல்பு தெரியும். கூர்மையான ஓசைகள் எல்லாம் வழியிலேயே தேய்ந்துவிடும். அடிவயிற்றை அழுத்தும் முழக்கம் மட்டும் மண் வழியே வந்து சேரும். அடுத்தது எப்போது, எங்கே என்று யாருக்கும் தெரியாது. அந்த அறியாமையே அவ்வொலியின் கொடுமை. 1991இல் நாட்டை விட்டு வெளியேறினோம். தென் இலண்டனின் குரோய்டன் பகுதியிற் குடியேறினோம். கற்பித்தற்றொழில் கைநழுவிப் போயிற்று. பெற்றோல் நிலையமொன்றில் இரவு வேலை கிடைத்தது. முழக்கமும் என்னோடு கப்பலேறி வந்துவிட்டது என்பதை அப்போது நான் அறியேன்.

குரோய்டனில் வாழும் நம்மவர் பலர் சறே வீதிச் சந்தையை நன்கு அறிவர். 1276ஆம் ஆண்டின் அரச சாசனத்தால் நிறுவப்பட்ட தொன்மையான சந்தை அது. கத்தரிக்காயும் வெண்டிக்காயும் வாங்க என் மனைவி அங்கே செல்வாள். அதே வீதியில் 'பிக் அப்பிள்' என்னும் இசைத்தட்டுக் கடை ஒன்று இருந்தது. தாய் காய்கறி வாங்க, மகன் அக்கடை வாயிலில் நின்றான். 2004ஆம் ஆண்டில் அக்கடை மூடப்பட்டுவிட்டது. ஆயினும், அது திறந்திருந்த காலத்தில் உலக இசை வரலாற்றின் ஓர் அத்தியாயம் அங்கே எழுதப்பட்டுக்கொண்டிருந்தது என்பது பின்னரே தெரியவந்தது. தட்டு விற்கும் மேசைக்குப் பின்னால் ஹற்சா என்பார் நின்றார். மாடியில் ஆர்ட்வேர்க் என்பார் ஒலிப்பதிவு அறை வைத்திருந்தார். ஸ்கிறீம், பெங்கா என்னும் பதின்ம வயதுப் பையன்கள் இருவர் கணினியில் தாம் செய்த தாளங்களைக் கொணர்ந்து போட்டுக் காட்டுவர். அண்மையிலுள்ள சவுத் நோர்வுட்டிலிருந்து வருவோர் இருவர் இருந்தனர். ஒருவர் டீன் ஹரிஸ், கோக்கி என்னும் பெயரினர். மற்றவர் மார்க் லோறன்ஸ். அவரே மாலா. இருவரும் சேர்ந்து 'டிஜிட்டல் மிஸ்டிக்ஸ்' எனத் தமக்குப் பெயரிட்டுக்கொண்டனர். அவர்களுடைய தொடக்க காலத் தட்டு ஒன்று அக்கடையின் பெயரிலேயே வெளிவந்தது.

அங்கே உருவான இசைக்கு 'டப்ஸ்டெப்' என்று பெயர் வழங்கலாயிற்று. நம் வீட்டுக்குள் அது வந்தபோது, அதற்கு நான் இட்ட பெயரை அச்சிற் கூறல் இயலாது.

மகன் சம்பளத்துக்குச் செய்த வார இறுதி வேலையின் பணத்தைச் சேர்த்து, தன் மார்பளவு உயரமான ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றை வாங்கினான். அவன் அறை என் அறைக்கு அடுத்தது. இரவு வேலை முடிந்து பகலில் நான் உறங்கும் வேளையிற் சுவர் அதிரும். பாட்டு என்று ஒன்றும் கேளாது; முழக்கம் மட்டும் வரும். நான் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, அடுத்த முழக்கத்துக்காகக் காத்திருப்பேன். உடல் வியர்த்திருக்கும். காரணத்தை மகனிடம் நான் ஒருபோதும் கூறவில்லை. "குறைத்துப் போடு" என்று மட்டுமே அதட்டினேன்.

ஒரு நாள், "சனிக்கிழமை மாலாவைக் கேட்கப் போறன்," என்றான். நம்மூர்ப் பெண்பிள்ளை ஒருத்தி எங்கோ பாடுகிறாள் போலும் என்று நான் உள்ளூர மகிழ்ந்தேன்.

"ஆர் தம்பி மாலா? எந்த ஊர்ப் பிள்ளை? கர்நாடக சங்கீதமோ?"

"அப்பா, மாலா பெட்டையில்லை, ஆம்பிளை. பாடுறவரும் இல்லை. உங்களுக்குப் பிடிக்காத அந்த இடி இருக்கெல்லே, அதைச் செய்யிறவர்."

அந்தக் கிழமையே, அவன் கல்லூரிக்குச் சென்றிருந்த வேளையில், அப்பெட்டியைத் தனியனாய்த் தூக்கிக்கொண்டு போய்த் தோட்டத்துக் கொட்டிலில் வைத்துப் பூட்டினேன். மகன் வந்து பார்த்தான். ஒரு சொல்லும் சொன்னானில்லை. மூன்று கிழமை என்னோடு கதைக்கவில்லை. எம் தந்தையரிடம் நாம் வாங்கிய அடிகளை நினைத்து, இது பெருந்தண்டனையன்று என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். ஆயினும், உணவு மேசையில் அவன் காட்டிய மௌனம் அவ்வடிகளினும் வலித்தது.

இது 2006ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்தது. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை நள்ளிரவின் பின், மனைவி என்னை எழுப்பினாள். "பிள்ளை பிறிக்ஸ்டனிலை நிக்கிறான். விடியப்புறம் பஸ்ஸுக்கு நிக்கவேண்டாம். நீங்கள் போய்க் கூட்டிக்கொண்டு வாருங்கோ," என்றாள். சமாதானத்துக்கு அவள் வகுத்த வழி அது என்பதை நான் உணர்ந்தேன், புறப்பட்டேன்.

பிறிக்ஸ்டனைப் பற்றி ஈண்டுச் சில கூறல் வேண்டும். 1948ஆம் ஆண்டில் 'எம்பயர் விண்ட்றஷ்' என்னும் கப்பலில் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்திறங்கியோருள் தங்குமிடம் இல்லாதவர்களைக் கிளப்பம் சவுத்தில் நிலத்தின் கீழிருந்த பாரிய பதுங்கிடம் ஒன்றிலே குடியிருத்தினர். உலகப் போர்க் காலத்திற் குண்டுவீச்சினின்று மக்களைக் காக்க அகழப்பட்ட சுரங்கம் அது. அங்கிருந்து அண்மையிலிருந்த தொழில் நியமன நிலையம் பிறிக்ஸ்டனின் கோல்ட்ஹாபர் ஒழுங்கையில் இருந்தமையால், அவர்களுட் பலர் பிறிக்ஸ்டனிலேயே வேரூன்றினர். ஜமெய்க்காவிலிருந்து வந்தோர் தம்மோடு ஒரு வழக்கத்தையும் கொணர்ந்தனர். அலுமாரியளவு பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகளை அடுக்கி, மந்தர ஒலியை உடல் நனைய நனையக் கேட்கும் வழக்கம் அது. அத்தீவின் தலைநகராகிய கிங்ஸ்டனில், மின்கருவிகளைப் பழுதுபார்க்கும் தொழிலினரான கிங் டப்பி என்பார், பதிவுசெய்த றெகேப் பாடலிலிருந்து குரலை நீக்கி, முரசையும் மந்தர ஒலியையும் மட்டும் நிறுத்தி, இடையிடையே எதிரொலியைத் தூவி, 'டப்' என்னும் கலையை வளர்த்தார். ஒன்றைச் சேர்ப்பதனாலன்றி நீக்குவதனாற் செய்யப்பட்ட கலை அது. மாலாவின் இசைக்கு அதுவே தாய்வேர்.

நான் சென்ற இடம் ஒரு தேவாலயக் கட்டடம். வாட்டர்லூப் போரின் பின் எழுப்பப்பட்ட தேவாலயங்களுள் ஒன்றாகிய புனித மத்தேயு ஆலயம், 1824இல் திறக்கப்பட்டது. அதன் ஒரு பகுதி பின்னாளிற் கேளிக்கைக் கூடமாகப் பயன்பட்டது. மாலாவும் கோக்கியும் லோஃபா என்னும் நண்பரும், அறிவிப்பாளர் சார்ஜன்ட் போக்ஸும் சேர்ந்து, 'டி.எம்.இசட்' என்னும் தம் இசைநிகழ்வை 2005 மார்ச்சில் அங்கே தொடங்கியிருந்தனர். நான் சென்ற இரவு அதன் ஓராண்டு நிறைவு. வழக்கமாய் நிகழும் சிறு கூடத்திற் கூட்டம் அடங்காமையால், அன்றிரவே மேலுள்ள பெரிய கூடத்துக்கு நிகழ்வை மாற்றினர் என்று பின்னர் அறிந்தேன். அவர்களுடைய அழைப்பிதழ்களில் ஒரு வாசகம் காணப்படும். வாருங்கள், மந்தர ஒலியின் பாரத்தைத் தியானியுங்கள் என்பது அதன் கருத்து. தியானம் என்னும் சொல்லை அவர்கள் விளையாட்டாக எடுத்துக்கொண்டாரல்லர்.

காரை ஓரமாய் நிறுத்திக் காத்திருந்தேன். முழக்கம் வந்தது. கார்க் கண்ணாடி நடுங்கியது. என் கைகள் தாமாகவே சக்கரத்தை இறுகப் பற்றின. போய்விடலாமா என்று நினைத்தேன். மகன் உள்ளே இருக்கின்றான் என்ற எண்ணமே என்னை நிறுத்திற்று. வேறு செய்ய ஒன்றுமில்லாமையால், பழைய ஆசிரியப் புத்தி எண்ணத் தொடங்கிற்று. கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். முழக்கம் ஒழுங்காய் வந்தது. அடுத்தது எப்போது என்று என்னாற் கூற முடிந்தது. பத்து நிமிடத்தில் என் கைகள் சக்கரத்தை விட்டன.

கதவு திறந்து ஆட்கள் வெளிப்போந்த ஒரு கணம், உள்ளிருந்த ஒலி முழுவதும் தெருவிற் கொட்டியது. அப்போது நான் திடுக்குற்றேன். அதிலே குழலின் இன்னிசை போன்ற ஒன்று இருந்தது; மணியோசை இருந்தது; தொலைவிற் கரைந்து செல்லும் எதிரொலி இருந்தது. கதவு மூடியதும் மீண்டும் முழக்கம் மட்டுமே எஞ்சிற்று.

பௌதிகம் கற்ற மாணவர் இதன் காரணத்தை உடனே கூறுவர். செக்கனுக்கு நாற்பது அதிர்வுடைய மந்தர ஒலியின் அலை நீளம் ஏறத்தாழ எட்டரை மீற்றர். அத்தகைய அலையைச் சுவர் எளிதில் தடுக்காது. நுண்ணிய உயரொலிகளையோ சுவர் வடிகட்டிவிடும். ஆகவே, சுவருக்கு வெளியே நிற்பவனுக்குக் கிடைப்பது இசையின் எலும்பு மட்டுமே. இதை நான் பல வகுப்புகளுக்குப் படிப்பித்தவன். ஆயினும், என் மகனின் இசையை இரண்டு ஆண்டுகளாய்ச் சுவருக்கு இப்பால் படுத்திருந்து கேட்டுவிட்டு, அதை இடியென்றும் குண்டென்றும் தீர்ப்பிட்டேன்.

மகன் வந்து காரில் ஏறினான். முகம் தெளிந்திருந்தது. திருவிழா முடிந்து வீடு திரும்பும் பிள்ளையின் முகம் அது. சிறிது தூரம் சென்றபின் நானே பேசினேன்.

"உனக்கு அதுக்குள்ளை நிக்கப் பயமில்லையோ?"

"ஏனப்பா பயம்? எல்லாரும் சேர்ந்தெல்லே நிக்கிறம்."

பதுங்குகுழியைப் பற்றி அன்று அவனிடம் முதன்முறையாகக் கூறினேன். வீடு வந்து சேர்ந்தும் காரை விட்டு இறங்காது நெடுநேரம் இருந்தோம். பொழுது விடிந்ததும், கொட்டிலைத் திறந்து பெட்டியை இருவருமாய்த் தூக்கி வந்தோம். "இனிக் கதவைத் திறந்துவைத்துப் போடு," என்றேன்.

அன்று தொடங்கி மகன் எனக்கு ஆசிரியனானான். அவனிடம் நான் கற்றவற்றைச் சுருக்கிக் கூறுவேன்.

மாலாவின் இசை ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 140 அடி என்னும் நடையில் இயலும். அது விரைந்த நடையே. ஆயினும், ஓங்கி விழும் முரசடியை அவர் நான்கடிக்கு ஒருமுறை, மூன்றாம் அடியில் மட்டுமே வைப்பார். அதனாற் கேட்பவன் உடம்பு அதை எழுபதாகவே உணரும். அமைதியாய் இருக்கும் மனிதனுடைய நாடித்துடிப்பும் ஏறத்தாழ அவ்வளவே. எஞ்சிய இடங்களை அவர் வெறிதே விடுகின்றார். அவ்வெறுமையிலே மந்தர ஒலி மெல்ல எழுந்து பரவுகின்றது. இளமையில் அவர் ஈடுபட்ட 'ஜங்கிள்' என்னும் விரைநடை இசையின் துடிப்பும், இலண்டனின் 'கராஜ்' இசையின் நெளிவும், ஜமெய்க்க டப்பின் எதிரொலியும் அங்கே வந்து கலக்கின்றன. ஒன்றையொன்று நெருக்காது, ஒவ்வொன்றும் தனக்குரிய இடத்தில் நிற்கின்றது. 2006இல் வெளியான 'அன்ரை வோர் டப்' என்பதைக் கேட்பார் இதனை உணர்வர். போரை மறுத்துரைக்கும் குரல் அதில் வருகின்றது. அதைத் தாங்கி நிற்பது அதே முழக்கம். எறிகணையின் ஒலியை எடுத்து அதற்கு எதிரான சொல்லுக்கு அரியணையாக்கினாற்போல எனக்குத் தோன்றிற்று.

அவர் தொழில் நடத்திய முறையும் கருதத்தக்கது. புதிதாய்ச் செய்த இசையை உடனே விற்பனைக்கு விடார். மென்பூச்சுள்ள தனித்தட்டு ஒன்றில் வெட்டுவித்து, அதைத் தாமே கூட்டங்களிற் சுழற்றுவார். சில பத்து முறை ஓடினால் அத்தட்டுத் தேய்ந்துவிடும். கேட்க விரும்புவோர் நேரில் வரல் வேண்டும். கூட்டத்துக்கு ஒன்று மிகவும் பிடித்துவிட்டால் ஆரவாரஞ் செய்வர். உடனே தட்டைப் பின்னிழுத்து முதலிலிருந்து தொடங்குவர். நம் நாட்டுக் கூத்து மேடையின் முன் "இன்னொருக்கால்!" என்று கூவியவர்கட்கு இது புதுமையன்று. 2006 ஜனவரியில் பி.பி.சி.யின் முதலாம் வானொலியில் மேரி ஆன் ஹொப்ஸ் அம்மையார் இவ்விசைஞர் பலரை ஒருங்கே அழைத்து நிகழ்ச்சி நடத்தினார். மாலாவும் அவர்களுள் ஒருவர். அதன்பின் தென் இலண்டனின் இசை கடல் கடந்தது. அதே ஆண்டில் மாலா 'டீப் மெடி' என்னும் வெளியீட்டகத்தைத் தொடங்கினார். தம்முடைய ஆக்கங்களை மட்டும் வெளியிட அதனை அவர் நிறுவவில்லை. இலண்டனின் சில்க்கி, ஜப்பானின் கோத்-ட்ராட் முதலிய பிறருக்கு அது வாயிலாயிற்று. 2010இல் 'றிற்றேர்ன் ரு ஸ்பேஸ்' என்னும் மூன்று தட்டுத் தொகுதியை வெளியிட்டார்.

அக்காலத்தில் டப்ஸ்டெப் அமெரிக்காவுக்குச் சென்று, பேரிரைச்சலும் பெரும்பணமும் உடைய வேறொன்றாய் மாறியது. அவ்வழியில் மாலாவும் சென்றிருக்கலாம். அவர் சென்றது கியூபாவுக்கு. இசை வல்லுநர் ஜில்ஸ் பீற்றர்சன் அழைத்துச்செல்ல, 2011இல் ஹவானா நகரை அடைந்தார். பியானோக் கலைஞர் றொபேர்ட்டோ ஃபொன்சேக்காவின் குழுவினர் அவருக்காகப் பல தாளங்களை வாசித்துப் பதிவுசெய்து கொடுத்தனர். மாலா ஏட்டிசை பயின்றவரல்லர். அவர் கருவி கணினி. அள்ளிக் கொடுக்கப்பட்ட செல்வத்தை வீட்டுக்குக் கொணர்ந்து, பல மாதங்கள் அதனோடு இருந்து, வேண்டாதனவற்றை நீக்கி நீக்கி, 2012இல் 'மாலா இன் கியூபா' என்னும் தொகுப்பாக வெளியிட்டார். பின்னர்ப் பெரு நாட்டுக்குச் சென்று, அங்குள்ள கலைஞரோடு கூடிச் செய்த 'மிறர்ஸ்' என்னும் தொகுப்பு 2016இல் வந்தது. பெரு நாட்டிலே கஹோன் என்னும் பெட்டிமுரசு உண்டு. ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாய்க் கொணரப்பட்டோர் பண்டப் பெட்டிகளையே முரசாக்கி வாசித்ததிலிருந்து வளர்ந்த கருவி அது. கியூபாவின் தாளத்துக்கும் பெருவின் பெட்டிக்கும் ஜமெய்க்காவின் ஒலிபெருக்கிக்கும் மூலம் ஒன்றே. கொள்ளைபோன மக்கள் தம் கைக்கு அகப்பட்டதைத் தட்டி, தம் நெஞ்சைத் தாமே நிலைப்படுத்திக்கொண்டனர். மாலா பல இசைகளைக் கலப்பவர் என்று கூறுவர். பிரிந்துபோன உறவினரை ஒரு முற்றத்திற் கூட்டுபவர் என்று கூறுவதே பொருந்தும் என எண்ணுகின்றேன்.

2007இல் அவர் வெளியிட்ட 'சேஞ்சஸ்' என்னும் ஆக்கத்தின் ஒரு துண்டு, அமெரிக்க இளைஞர் ஒருவரின் பாடலில் எடுத்தாளப்பட்டு, 2017இற் கோடிக்கணக்கானோர் செவிக்குச் சென்றது. அவர்களுட் பெரும்பாலார் மாலாவின் பெயரை அறியார். நிலத்தடி நீரை உண்ணும் மரத்துக்கு ஊற்றின் பெயர் தெரியாது.

கியூபாத் தொகுப்பு வெளிவந்த ஆண்டில் ஒரு மாலை, மகன் அதனை அப்பழைய பெட்டியில் இட்டு, "அப்பா, கையை வைச்சுப் பாருங்கோ," என்றான். பெட்டியின் பக்கத்திலே உள்ளங்கையை வைத்தேன். தவிலின் தொப்பி என் கையின் கீழ் இருந்தது. ஊர்க் கோயில் மணலில் இருந்த சிறுவனின் தொடையைத் தொட்ட அதே அதிர்வு. இருபத்திரண்டு ஆண்டுகளாய் இடையில் நின்ற முழக்கம் விலகி, அதற்கும் முந்திய முழக்கம் வெளிப்பட்டது.

அப்போது மகன் ஒன்று சொன்னான். "பங்கர் எனக்கு நினைவில்லை அப்பா. ஆனால் ஆரோ என்ரை முதுகிலை தட்டிக்கொண்டே இருந்தது நினைவிருக்கு. வெளியிலை என்ன சத்தம் வந்தாலும் அந்தத் தட்டு மாறேல்லை."

சமையலறையில் நின்ற என் மனைவி ஒன்றும் கூறவில்லை. உண்மையில் அவளே தட்டினாள். அந்த இரவுகளில் அவள் கை, எறிகணைக்கு விரைந்ததுமில்லை, அமைதிக்குத் தாமதித்ததுமில்லை. தகட்டின்மேல் மணல் போய் நின்ற இடம் எது என்பதை அன்றுதான் நான் கண்டேன். எங்கள் ஆசிரியர் உயிரோடிருந்தால், வினாவுக்கு விடை கொணர்ந்தேன் ஐயா என்று எழுதியிருப்பேன்.

இன்று எனக்கு வயது எழுபதை எட்டிவிட்டது. செவியைச் சோதித்த வைத்தியர், உயரொலிகள் பெரும்பாலும் போய்விட்டன என்றார். பறவைகளின் குரலும் பேர்த்தியின் மழலையும் கருவியின் உதவியாலேயே எனக்குக் கிட்டுகின்றன. மந்தர ஒலி மட்டும் இளமையில் இருந்தவாறே இருக்கின்றது. அதற்குக் கருவி வேண்டுவதில்லை. மகன் கேட்கும் இசையெல்லாம் எனக்குப் பிடிக்கும் என்று கூறேன். சிலவற்றை இன்றும் சகிக்க முடிவதில்லை. அதனை அவனுக்கு நேரே சொல்லியும் விடுகின்றேன். உள்ளே சென்று கேட்டபின் சொல்வதால் அவன் வருந்துவதில்லை.

கல்லூரியில் இப்பொழுது பயிலும் தம்பிமாரே, ஒலியியற் பாடத்தைப் பரீட்சைக்காக மட்டும் படித்து விடாதீர்கள். ஒரு வீட்டின், ஒரு தலைமுறையின், ஓர் இனத்தின் இசை சுவருக்கு இப்பால் வந்து சேரும்போது, அதன் முழக்கம் மட்டுமே வருகின்றது. கதவைத் தட்டுங்கள், திறந்தால் உள்ளே செல்லுங்கள். அந்த அறிவை ஒரு பித்தளைத் தகட்டையும் ஒரு பிடி மணலையும் கொண்டு எனக்கு முன்கூட்டியே தந்த நம் கல்லூரி நீடு வாழ்க.